திரையில் 35, தரையில் 26: ‘தானியங்கி’ புரூடர் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற ‘தானியங்கி புரூடர்’ என்று இணையத்தில் விற்கிற ஒரு பெட்டியை வாங்கி ஏமாந்தேன். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. போட்டாலும் பயன் இருக்காது, அதே சரக்கு நாலைந்து பெயர்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெட்டி எப்படி ஏமாற்றுகிறது என்று சொல்லிவிடுகிறேன். எந்தப் பெயரில் வந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

விளம்பரத்தில் சொன்னது இவ்வளவு: 250 வாட் அகச்சிவப்பு விளக்கு, சூடு குறித்த அளவை எட்டியதும் விளக்கைத் தானாக அணைக்கிற டிஜிட்டல் தெர்மோஸ்டாட், “குஞ்சை உள்ளே விட்டால் போதும், இறகு முளைக்கும்வரை பெட்டியே பார்த்துக்கொள்ளும்”. வந்தது மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் உள்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் சின்னத் திரை. ஸ்விட்சைப் போட்டதும் திரையில் எண் கிடுகிடுவென்று ஏறி 35 டிகிரி செல்சியஸில் நின்றது. முதல் வாரக் குஞ்சுக்கு வேண்டிய சூடும் அதுதான்.

குஞ்சுகளை விட்ட அன்று ராத்திரி சத்தம் ஓயவே இல்லை. கதகதப்பாக இருக்கிற குஞ்சு மெதுவாக முனகிக்கொண்டே தூங்கிப்போகும். குளிர்கிற குஞ்சு கூர்மையாக, விடாமல் கத்தும். இரண்டையும் ஒரு தடவை கேட்டவர்களுக்குக் குழப்பம் வராது. திறந்து பார்த்தால் எல்லாக் குஞ்சுகளும் விளக்குக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. திரையில் அப்போதும் 35. சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து, மரச்சீவலுக்கு இரண்டு அங்குலம் மேலே, குஞ்சின் முதுகு உயரத்தில் பிடித்தேன். 26 காட்டியது.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தெர்மோஸ்டாட்டுக்காகச் சூட்டை அளக்கிற சென்சார், மிளகு அளவு கறுப்பு மணி, விளக்கிலிருந்து நாலு விரல் தள்ளி மூடியிலேயே பசை போட்டு ஒட்டியிருந்தது. அதன் வயரோ ஒரு சாண்கூட இல்லை. இழுத்துத் தரைப்பக்கம் கொண்டுவரலாம் என்றால் எட்டாது. விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த மணி சூடாகி 35 ஆகிவிடும், உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்துவிடும். ஏற்கெனவே சூடான காற்று மேலேதான் போகும். அதனால் மூடி ஆறுவதற்கு நேரமாகும், அதுவரை கீழே தரை குளிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ‘டக்’குக்கும் பிறகு குஞ்சுகளின் கூச்சல் ஏறுவதை உட்கார்ந்து கேட்டேன். திரை பொய் சொல்லவில்லை, மூடியின் சூட்டைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் மூடியில் குஞ்சு வளர்ப்பதில்லையே!

அன்றைக்கு அடியில் மாட்டிய இரண்டு குஞ்சுகள் காலையில் எழவில்லை. குளிரில் குவியும்போது பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன, அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் செத்துவிடும். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சின் மேல் இருப்பது வெறும் பூமயிர். முதல் சில நாட்களுக்கு உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ளும் திறனும் அதற்குக் கிடையாது. தாய்க்கோழியின் அடிவயிறு செய்கிற வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்கிறேன் என்று சொல்லி விற்கப்படுகிறது.

அப்புறம் விளக்கைச் சோதித்தேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விளக்கு அணையாமல் எரியும்படி செய்து, மின்மீட்டரைப் பாருங்கள். 250 வாட் விளக்கு 4 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட் ஓட வேண்டும். எனக்கு வந்த விளக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இழுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் உண்மையான 250 வாட் விளக்கை அந்த மூடியில் மாட்டவே முடியாது, பிளாஸ்டிக் உருகிவிடும், தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை. அப்படிப்பட்ட விளக்கைத் திறந்த இடத்தில், பீங்கான் ஹோல்டரில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். ஆக, பிளாஸ்டிக் பெட்டிக்குள் 250 வாட் என்று படம் போட்டிருந்தாலே அது பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். “குஞ்சு வீக்கா வந்திருக்கும் சார், வைட்டமின் கலந்து கொடுங்க” என்றார். சென்சார் இருக்கிற இடத்தைப் பற்றிக் கேட்டால் “கம்பெனி செட்டிங் சார்”. வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருந்தீர்களே என்றால், அது பெட்டிக்கு மட்டுமாம், மின்பாகத்துக்கு இல்லையாம். ரொம்ப வற்புறுத்திய பிறகு ‘உடையாத விளக்கு’ என்று ஒன்றை அனுப்பினார். கண்ணாடிமேல் ஏதோ பூச்சு. இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்: டெஃப்லான் வகைப் பூச்சு போட்ட விளக்குகள் சூடாகும்போது வெளிவிடும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். மனிதர்களுக்கு மணம்கூடத் தெரியாது, கோழிக்கு நுரையீரல் போய்விடும். இது என்ன பூச்சு என்று கேட்டேன். “நல்ல பூச்சுதான் சார்” என்று பதில் வந்தது. அந்த விளக்கை நான் மாட்டவில்லை.

இதையெல்லாம்விட எரிச்சலான சங்கதி தெர்மோஸ்டாட்டின் கீழ்வரம்பு. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் 32-க்குக் கீழே இறங்காது. குஞ்சுக்கு முதல் வாரம் 35, அதன்பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, 21 அளவுக்கு வெளிச்சூடும் உள்சூடும் ஒன்றாகும்போது விளக்கை எடுத்துவிடுவது வழக்கம். அதற்குள் ஐந்தாறு வாரத்தில் இறகு மூடிவிடும். இந்தப் பெட்டி இரண்டாவது வாரத்தோடு முடிந்தது. கூடவே வந்த தாளிலோ “4 வாரமும் 35-இல் வைக்கவும்” என்று அச்சடித்திருக்கிறார்கள்! சென்சார் சரியான இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தாளை நம்பியவர்களின் குஞ்சுகள் வெந்துபோயிருக்கும். சூடு அதிகமானால் குஞ்சுகள் சத்தம் போடாது, அதுதான் ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளும், சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கும், தீனி குறையும், ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காயும். சிறிய மூடிய பெட்டியில் ஒதுங்கவும் இடம் இருக்காது.

இப்போது அகலமான அட்டைத் தடுப்பு, ஒரு ஓரத்தில் சங்கிலியில் இரண்டு குண்டு பல்புகள். இரண்டு எதற்கென்றால், ஒன்று ராத்திரி ஃபியூஸ் போனாலும் மற்றது எரியும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, வெளிச்சம் வரும், சூடு வராது. சங்கிலியை வாராவாரம் ஒரு கண்ணி இரண்டு கண்ணி ஏற்றுகிறேன். மறு ஓரம் குளிர்ச்சியாகவே இருக்கிறது, வேண்டிய குஞ்சு அங்கே போய்க்கொள்கிறது. குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தால் சூடு சரி. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று புகுகிறது என்று அர்த்தம்.

பணம் திரும்பவில்லை. ‘உயிரினம் வைத்துப் பயன்படுத்திய பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை’ என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதனால் எந்தப் பெட்டி வாங்கினாலும் குஞ்சு விடுவதற்கு முந்தின ராத்திரி காலியாக ஓட்டுங்கள். தரையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, அதையும் திரையையும் ஒரே வீடியோவில் வருமாறு எடுத்துவையுங்கள். வாங்குவதற்கு முன்பே இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: சென்சார் வயர் தரையை எட்டுமா? தெர்மோஸ்டாட் 21 வரை இறங்குமா? நான் வேறொரு எண்ணிலிருந்து அதே விற்பனையாளரிடம் இவற்றைக் கேட்டுப் பார்த்தேன். “ஸ்டாக் கொஞ்சம்தான் இருக்கு சார், சீக்கிரம் புக் பண்ணுங்க” என்று பதில் வந்தது.