ஃபார்மேட் வேண்டாம் என்ற குன்னூர்க் கடை

இந்த நவம்பரில் மூன்று வாரம் குன்னூரில் அம்மாவோடு இருந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பும்போது பதின்மூன்று வருஷப் பழைய லேப்டாப்பையும் எடுத்து வந்திருந்தேன். விண்டோஸ், உபுண்டு என்ற லினக்ஸ், இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதில் உண்டு. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா, கடைசி வருஷத்தில் பேசிய பதிவுகள் உபுண்டு பக்கம் இருந்தன. வேறு நகல் கிடையாது.

நாலாம் நாள், இடம் பத்தவில்லை என்று விண்டோஸிலிருந்து ஒரு காலிப் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதியை, அழித்தேன். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டே வரி. அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை என்று மேலே, 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கீழே. விண்டோஸும் இல்லை, உபுண்டுவும் இல்லை. வயிறு கலங்கிவிட்டது.

முதலில் போன கடையில் திரையைப் பார்த்த மாத்திரத்தில், "ரெண்டும் போச்சு சார், ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்" என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினேன். வடகிழக்குப் பருவமழை குன்னூரை விடாது பிடிக்கும் மாதம் அது.

மார்க்கெட் பக்கம், படியேறிப் போகிற சின்னக் கடை இரண்டாவது. இருபத்தைந்து வயது இருக்கும் தம்பி, திரையை நிதானமாகப் படித்துவிட்டு முதலில் கேட்டது: "பார்ட்டிஷன் ஏதாவது டெலிட் பண்ணீங்களாண்ணா?" எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்தது.

இந்தப் பழைய வகை டிஸ்க்கில் முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு 1 முதல் 4 வரைதான் எண். லாஜிக்கல் என்று போடுபவை 5-இல் தொடங்கும். லாஜிக்கலில் நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பவை ஓரெண் இறங்கிவிடும். என் உபுண்டு 7-இல் இருந்தது; நான் அழித்தது 6. உபுண்டு 6-க்கு வந்துவிட, ஆன் செய்ததும் முதலில் ஓடி சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் க்ரப் என்ற புரோகிராம் இன்னமும் 7-ஐத் தேடிக்கொண்டிருந்தது. விண்டோஸுக்கும் வழிவிடுவது அந்த க்ரப்தான் என்பதால் இரண்டும் சேர்ந்து நின்றன. "வீடு அங்கேயேதாண்ணா இருக்கு, கதவு நம்பர்தான் மாறிடுச்சு" என்றார்.

'எல்எஸ்' என்று அடித்தார். இருக்கிற பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்தன. ஐந்தாவதைத் திறக்கச் சொன்னால் புரியாத ஃபைல் சிஸ்டம் என்றது. ஆறாவதில் 'பூட்', 'ஹோம்' என்று உபுண்டுவின் ஃபோல்டர் பெயர்கள் விழுந்தன. க்ரப் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் 'ப்ரிஃபிக்ஸ்', 'ரூட்' இரண்டையும் ஆறுக்கு மாற்றி, 'இன்ஸ்மாட் நார்மல்', அப்புறம் 'நார்மல்'. ஊதா நிற மெனு வந்து நின்றது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதோடு அவர் விடவில்லை. "முதல்ல உங்க ஃபைலை எடுத்து வெச்சுக்கலாம்" என்று எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்ட பிறகுதான் க்ரப்பை டிஸ்க்கில் நிரந்தரமாக மறுபடி பதித்தார். அந்த வரிசைமுறைக்காகவே இந்தக் கடையை ஊரில் எல்லாரிடமும் சொல்கிறேன். விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவதையும் அவரே கவனித்தார். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை மதர்போர்டில் எழுதிவைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். ஒரே கட்டளையில் அதுவும் சரியானது.

கூலி ஐந்நூறு ரூபாய். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. அடித்த கட்டளைகளைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தந்தார். "திரும்ப வந்தா நீங்களே பண்ணிக்கலாங்கண்ணா."

ராத்திரி கரண்ட் போயிருந்தது. பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் இருந்ததால் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். வாடின இலையை உள்ளங்கையில் உருண்டை பிடித்தால் உடையாமல் நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இருட்டில் கையை மூடித் திறந்து பார்த்தார்.