ஏற்காட்டில் வாழிடப் பாதுகாப்புப் பயிற்சி: கற்பித்தல் சிறப்பு, தொடர்ச்சி குறைவு

சேர்வராயன் மலையில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்தும் வாழிடப் பாதுகாப்புப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். கட்டணம் செலுத்திச் சேர வேண்டிய வார இறுதி முகாம் இது. மதிய உணவும் அடிவாரத்திலிருந்து வேன் வசதியும் அதில் அடங்கும். மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மலையிறங்கும் நிகழ்ச்சியாக இருக்குமோ என்ற ஐயம் எங்களில் பலருக்கு இருந்தது. ஆனால் முதல் நாள் ஒரு கன்றுகூட நடப்படவில்லை என்பதே என்னைக் கவர்ந்தது. எதை நடுவது என்பதற்கு முன் எங்கே நடக்கூடாது என்பதைத்தான் சொல்லித் தந்தார்கள். சேர்வராயன் கோயில் மேட்டைப் போன்ற திறந்த வெளிகளில் மரத்தைக் கொண்டுபோய்த் திணிப்பதும் வாழிடத்தைக் கெடுப்பதுதான் என்று பயிற்றுநர் விளக்கினார்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைய முடியாது என்பதால், களப்பயிற்சி ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரச் சரிவில் நடந்தது. அங்கே உண்ணிச்செடி மண்டிக் கிடந்தது. அமெரிக்க வெப்பமண்டலப் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடியின் பழங்களைத் தின்னும் பறவைகள் விதைகளை ஊரெங்கும் பரப்பிவிடுகின்றன. அதன் அடர்ந்த நிழலில் நம் மண்ணுக்குரிய நாற்றுகள் தலையெடுப்பதில்லை, கோடையில் தீ பற்றினால் காய்ந்த புதரே அதற்கு எரிபொருளாகிறது. பெரும்பாலோர் செய்வதைப் போல அரிவாளை ஓங்கிய ஒருவரை, இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தடுத்தார். "மேல வெட்டுனா பத்துக் கிளையா திரும்பி வரும் தம்பி" என்றவர், தூரைச் சுற்றி மண்ணைப் பறித்து, தரைக்குக் கீழே ஓரிரண்டு அங்குல ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் புரட்டி, வேர் மீண்டும் மண்ணைத் தொடாதபடி வைத்தார். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கிய முறை இதுவே என்று பயிற்றுநர் பிறகு சொன்னார். புதருக்குள் பறவைக்கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும் என்பதையும், சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெறுமையாக்கினால் மழையில் மண் அரித்துப் போகும் என்பதையும் அவர்கள் வலியுறுத்தியது பாராட்டத்தக்கது.

கயிறு கட்டிக் கட்டம் அமைத்து உள்ளிருக்கும் நாற்றுகளை இனவாரியாக எண்ணும் பயிற்சியும் நன்றாகவே இருந்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் தயாரிக்க வேண்டிய, அந்தந்த ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இத்தகைய குறிப்புகளுக்கு என்ன இடம் என்பதையும் விளக்கினார்கள். சேலம் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரிக்கு அழைத்துச் சென்ற நிகழ்வு மட்டும் ஒப்புக்குத்தான் நடந்தது. மண்திட்டுகள் எழுப்பி மரம் வளர்த்த அந்த ஏரியில் பறவைக் கணக்கெடுப்பைப் பழக எவ்வளவோ வாய்ப்பிருந்தும், வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தோம்.

குறைகள் இரண்டு. ஒன்று, கையுறை பாதிப் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை; உண்ணிச்செடியின் தண்டில் இருக்கும் முட்களைக் கருதினால் இது சிறிய குறையன்று. மற்றொன்றே பெரிது. நாங்கள் எண்ணி எழுதிய தாள்களை வாங்கிக்கொண்ட அமைப்பினர், அவற்றை என்ன செய்தார்கள் என்று இதுவரை தெரிவிக்கவில்லை. மண்ணில் தங்கிய விதைகள் அடுத்த மழையிலேயே முளைக்கும் என்று அவர்களே பாடம் நடத்தியிருக்க, அதே சரிவுக்கு மீண்டும் சென்று முளைகளைப் பிடுங்க யாருக்கும் பொறுப்பு ஒதுக்கப்படவில்லை. உள்ளூர்வாசிகளுக்குக் கட்டணச் சலுகை தந்தால் இப்பொறுப்பை ஏற்கத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தே ஆட்கள் கிடைப்பார்கள். எங்கள் குழுவிலோ பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள்.

ஏரி, ஓடை, தோட்டத்து ஓரம் என்று ஏதேனும் ஓரிடத்தைத் தொடர்ந்து கவனிக்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு இப்பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். செடி காய்ப்பதற்கு முன்னும் மண் ஈரமாக இருக்கும்போதும் நடக்கும் முகாமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டியான தோல் கையுறையை நீங்களே கொண்டுபோங்கள்.