ரெம்மினா மதிப்புரை: தொலைக் கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினியில் தமிழ்த் தட்டச்சு

ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து கொடுப்பது என் தொழில். புதிய நூல்களில் எந்தச் சிக்கலும் இல்லை. மறுபதிப்புக்கு வரும் பழைய நூல்கள்தாம் பாடாய்ப் படுத்துகின்றன. அவை பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட டாம் என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் அமைந்த எழுத்துருக்களைக் கொண்டு கோக்கப்பட்டவை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. ஆகவே, பதிப்பக அலுவலகத்தில் உள்ள விண்டோஸ் கணினியில், ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் இணையத் தொடர்பில்லாத ஒரு விண்டோஸ் எக்ஸ்பியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். பேஜ்மேக்கரும், எழுத்துருக்களும், தமிழ்99 விசைப்பலகை மென்பொருளும் அந்த எக்ஸ்பிக்குள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய மடிக்கணினி. இரண்டுக்கும் நடுவே பாலமாக நான் ஓராண்டாகப் பயன்படுத்திவரும் ரெம்மினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலுள்ள கணினியை இங்கிருந்தே இயக்கும்) மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை.

ரெம்மினா கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை. அதன் ஆர்டிபி (விண்டோஸ் கணினியோடு தொலைவிலிருந்து இணையும் நெறிமுறை) பகுதி ஃப்ரீஆர்டிபி என்ற மென்பொருள் நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. ஆர்டிபி, விஎன்சி, எஸ்எஸ்எச் ஆகிய மூன்று வகை இணைப்புகளையும் ஒரே சாளரத்தில் தாவல்களாக வைத்துக்கொள்ளலாம். படத் தரம், ஒலி, கோப்புறைப் பகிர்வு ஆகியவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு நாளில் ஆறு மணி நேரம் தட்டச்சு செய்கிறவனுக்கு ரிமோட் டெஸ்க்டாப் என்றால் முதலில் விசைப்பலகைதான்.

சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள, ஒரே ஒரு விசையின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் போதும். தமிழ்99-இல் 'அ' இருக்கும் விசையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது முதல் எழுத்து. அதை அமுக்கியவுடன் என் மடிக்கணினியின் லினக்ஸ் கருவகம் அதை 30 என்ற எண்ணாகப் பார்க்கிறது. திரைச் சேவையான எக்ஸ் அதனுடன் எட்டைக் கூட்டி 38 என்கிறது. ரெம்மினா அதைத் திரும்பவும் 30 என்ற ஸ்கேன் கோடாக, அதாவது விசையின் அடையாள எண்ணாக, மாற்றி ஆர்டிபி வழியே அனுப்புகிறது. அலுவலக விண்டோஸ் அதை வாங்கி விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்திடம் தருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ், தான் உருவாக்கிய போலி விசைப்பலகையின் வழியாக எக்ஸ்பிக்கு 30 என்கிறது. கடைசியில் எக்ஸ்பிக்குள் இருக்கும் தமிழ் மென்பொருள்தான் அதை 'அ' ஆக்குகிறது. விரலை எடுக்கும்போது இன்னொரு செய்தி இதே வழியில் போய், எக்ஸ்பியிடம் 158 என்ற எண்ணாகச் சேர்கிறது. இந்தப் பயணம் முழுவதும் எழுத்து என்று ஒன்று கிடையாது, எண்கள் மட்டுமே உண்டு. நடுவில் உள்ள யாராவது ஒருவர் தன் மேதாவித்தனத்தைக் காட்டி எண்ணை எழுத்தாக மொழிபெயர்க்கத் தொடங்கினால், அங்கேதான் கோளாறு பிறக்கிறது. எனவே இத்தகைய வேலைக்கு ஏற்ற மென்பொருளை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அதை எந்த அளவுக்கு வாய் திறக்காத தூதனாக ஆக்க முடிகிறது?

ரெம்மினாவை அப்படி ஆக்க முடிகிறது. பொது விருப்பங்களில் ஆர்டிபி தாவலில், கிளையண்டின், அதாவது நம் கணினியின், விசைப்பலகை வரைபடத்தைப் பயன்படுத்தும்படி ஒரு தேர்வுப் பெட்டி உண்டு. அதைக் குறியிடாமல் விட்டுவிட வேண்டும். அதன் மேலுள்ள தளக்கோலப் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) பட்டியலில் தானாகக் கண்டறிதல் என்பதை மாற்றி, அமெரிக்க ஆங்கிலத்தை, அதாவது 00000409 என்ற எண்ணுடையதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஆர்டிபி இணைப்பு தொடங்கும்போது நம் கணினியின் விசைப்பலகைத் தளக்கோலம் இன்னது என்று மறுமுனைக்கு ஓர் எண் போகிறது. விண்டோஸ் அதை மதித்து அந்தத் தளக்கோலத்தைத் தன் அமர்வில் சேர்த்துக்கொள்கிறது. அலுவலகக் கணினியின் பணிப்பட்டையில் யாரும் நிறுவாத ஒரு மொழி திடீரென முளைத்து நிற்பது இதனால்தான். அலுவலகத்தில் விவரம் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் பதிவகத்தில் 'இக்னோர் ரிமோட் கீபோர்டு லேஅவுட்' என்ற மதிப்பை 1 ஆக வைத்து, மறுமுனை சொல்வதை விண்டோஸ் கேட்காதபடி செய்துவிடலாம். எங்கள் அலுவலகத்தில் அவர் மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால் நான் ரெம்மினாவின் பக்கமே சரிசெய்துகொண்டேன்.

அடுத்து ஹோஸ்ட் விசை. நான் முழுதாக இரண்டு நாள்களை இழந்த இடம் இது. விர்ச்சுவல்பாக்ஸில், மெய்நிகர் கணினியின் பிடியிலிருந்து விசைப்பலகையை விடுவிக்கவும், வேறு சில குறுக்குவழிகளுக்கும், வலது கண்ட்ரோல் விசைதான் இயல்பான ஹோஸ்ட் விசை. ரெம்மினாவிலும் இயல்பான ஹோஸ்ட் விசை அதே வலது கண்ட்ரோல்தான். அதைத் தனியாகத் தட்டி எடுத்தால், எல்லா விசைகளையும் தொலைக் கணினிக்கே அனுப்பும் பிடிப்பு நிலையை ரெம்மினா மாற்றிவிடும். மெய்நிகர் கணினியிலிருந்து வெளியே வரலாம் என்று நான் அந்த விசையைத் தட்டுவேன். நடந்தது என்னவென்றால், ரெம்மினா தன் பிடியை விட்டுவிடும். அடுத்து ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கர் மாறுவதற்குப் பதிலாக உபுண்டுவின் சாளரம் மாறும். இன்னொரு முறை தட்டினால் எல்லாம் சரியாகிவிடும், ஏன் என்று மட்டும் தெரியாது. இரண்டும் நல்ல மென்பொருள்கள்தாம். ஒரே நாற்காலியில் இருவர் உட்கார்ந்தால் வரும் தொல்லைதான் இது. ரெம்மினாவின் விருப்பங்களில் விசைப்பலகைத் தாவலுக்குப் போய் ஹோஸ்ட் விசையைப் பாஸ் (Pause) விசைக்கு மாற்றினேன். அன்றிலிருந்து நிம்மதி. பாஸ் விசை இல்லாத மடிக்கணினியாக இருந்தால் மறுபக்கத்தில், விர்ச்சுவல்பாக்ஸின் விருப்பங்களில் உள்ளீடு என்ற பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். 2024 முதல் வரும் சில மடிக்கணினிகளில் வலது கண்ட்ரோல் இருந்த இடத்தைக் கோபைலட் விசை பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன் கவனிப்பது நல்லது.

இனி, தமிழில் தட்டச்சு செய்கிறவர்களை மட்டும் தனியாகக் கடிக்கும் ஒரு கோளாறு. விசையை அமுக்கிய செய்தியும் விட்ட செய்தியும் தனித்தனியாகப் போகின்றன என்று சொன்னேன். மாலை நேரத்தில் எங்கள் தெருவில் இணையம் இழுத்து இழுத்துப் போகும்போது, அமுக்கிய செய்தி உடனே போய்ச் சேர்ந்து, விட்ட செய்தி அரை நொடி தாமதமானால், உள்ளே இருக்கும் போலி விசைப்பலகை நான் விசையை இன்னும் அமுக்கிக்கொண்டிருப்பதாக நம்பி எழுத்தைத் திரும்ப அடிக்கிறது. ஆங்கிலத்தில் இது ஓர் எழுத்துக் கூடுதல். கண்ணில் உடனே படும். தமிழ்99-இலோ ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும் என்பது விதி. ஆகவே 'எடு' என்று நான் தட்டியது 'எட்டு' ஆகிறது. 'பலி' பல்லியாகிறது, 'பாடு' பாட்டாகிறது. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி வாயே திறக்காது. மெய்ப்புப் பார்க்கும் கண்ணும் எளிதாக வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு சிறுகதையில் கோயில் திருவிழாவில் பல்லி கொடுத்தார்கள் என்று அச்சுக்குப் போக இருந்ததை ஆசிரியரே பார்த்துப் பிடித்தார். (எடு, எட்டு இரண்டையும் ஆங்கில விசைகளாகப் படித்தால் முறையே கடவுளுக்கும் நல்லதற்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் வருகின்றன, வேலை இல்லாத ஒரு பிற்பகலில் கண்டுபிடித்தது.)

இதற்கு ரெம்மினாவிடம் நேரான மருந்து இல்லை. மருந்து எக்ஸ்பிக்குள் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் விசைப்பலகைப் பகுதியைத் திறந்து, எழுத்துத் திரும்ப அடிபடத் தொடங்குவதற்கு முந்தைய தாமதத்தை மிக நீளமான நிலைக்குத் தள்ளிவிட வேண்டும். நான்கு படிகள் உள்ள அந்தச் சறுக்கி, ஏறக்குறைய கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை போகும். ஒரு நொடி வைத்த பிறகு பல்லிகள் பெருமளவு குறைந்துவிட்டன. விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் விஎம்வேர் வைத்திருப்பவர்கள் மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பிலேயே 'கீபோர்டு டைப்மேட்டிக் மின் டிலே' என்ற வரியைச் சேர்த்து 2000000 என்று, அதாவது மைக்ரோநொடிக் கணக்கில் இரண்டு நொடி, கொடுத்துவிடலாம். ரெம்மினாவின் பக்கம் செய்யக்கூடியது, இணைப்பின் நிற ஆழத்தைப் பதினாறு பிட்டுக்கு இறக்கித் திரைக்காட்சியின் சுமையைக் குறைப்பது. பேஜ்மேக்கரின் சாம்பல் நிறத்துக்கு அதுவே அதிகம்.

ஒட்டிக்கொள்ளும் விசைகளைப் பற்றி ரெம்மினாவைப் பாராட்ட வேண்டும். ஆல்ட்டை அமுக்கியபடியே வேறு சாளரத்துக்குத் தாவினால், ஆல்ட்டை விட்ட செய்தி தொலைக் கணினிக்குப் போகாமல், அங்கே அது அமுங்கியே கிடப்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் பழைய நோய். தன் சாளரத்தை விட்டு நாம் வெளியே போகும்போது அமுங்கியிருந்த விசைகள் எல்லாவற்றுக்கும் விடுவிப்புச் செய்தியை ரெம்மினா தானே அனுப்பிவிடுகிறது. ஆனால் விசை அமுங்கியிருக்கும் நேரத்தில் இணைப்பே அறுந்தால் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸ்பியில் உள்ள தமிழ் மென்பொருளை ஆல்ட்டுடன் எண் விசை அழுத்தி மாற்றுவது வழக்கம். ஒருநாள் மின்தடைக்குப் பிறகு மறுபடி இணைந்தபோது, பக்க எண் 2 என்று தட்டத் தட்ட எண் விழாமல் மொழி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றை இடமும் வலமும் ஒவ்வொரு முறை தனியே தட்டிவிட்டால் இது தீர்ந்துவிடும். அப்போது பதற்றத்தில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டிவிடாதீர்கள். ஷிஃப்ட் போன்ற விசைகளை அமுங்கியதாகவே வைத்துக்கொள்ளும் ஸ்டிக்கி கீஸ் வசதி வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கத் தொடங்கிவிடும்.

கோளாறு எந்த அடுக்கில் என்று தெரியாதபோது நான் செய்வது இதுதான். முதலில் அலுவலக விண்டோஸின் நோட்பேடில் தட்டிப் பார்ப்பேன். அங்கே ஆங்கிலம் ஒழுங்காக விழுந்தால் ரெம்மினாவின் மேல் குற்றமில்லை. பிறகு, விர்ச்சுவல்பாக்ஸின் உள்ளீட்டுப் பட்டியில் உள்ள திரை விசைப்பலகையை எலியால் சொடுக்கி எக்ஸ்பியின் நோட்பேடில் எழுத்து விழுகிறதா என்று பார்ப்பேன். அது விழுந்து, கையால் தட்டியது விழவில்லை என்றால் சிக்கல் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் வாசலில். இரண்டுமே தவறாக விழுந்தால் எக்ஸ்பிக்குள்.

ரெம்மினாவின் கருவிப்பட்டையில் உள்ள கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் பொத்தான் அலுவலக விண்டோஸைத்தான் எழுப்பும், எக்ஸ்பியை அன்று. எக்ஸ்பிக்கு விர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட் விசையுடன் டெலீட். கிளிப்போர்டில் உள்ளதை விசைத் தட்டல்களாக அனுப்பும் வசதியும் ரெம்மினாவில் உண்டு. கடவுச்சொற்களுக்கும் கோப்புப் பெயர்களுக்கும் அது பெரிய உதவி. தமிழ்ப் பத்தியை அதன் வழியே அனுப்ப முயலக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே தளக்கோலம் இருந்தால்தான் சரியாக வரும் என்று அந்த வசதியே எச்சரிக்கிறது.

குறை என்று நான் கருதுவது, விசைப்பலகை அமைப்புகள் சிதறிக் கிடப்பது. சில ஒவ்வோர் இணைப்பின் அமைப்பிலும், சில பொது விருப்பங்களில் இரண்டு வெவ்வேறு தாவல்களிலும், பிடிப்பு மட்டும் கருவிப்பட்டையிலும் இருக்கின்றன. புதிதாக வருகிறவர் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவார், நானும் மறந்தேன்.

கடைசியாக, எக்ஸுக்கு மாற்றாக வந்த புதிய திரைச் சேவையான வேலண்ட். உபுண்டுவில் எக்ஸ் அமர்வில் நுழைந்தால் ரெம்மினாவின் பிடிப்பு கேள்வி கேட்காமல் வேலை செய்கிறது. வேலண்ட் அமர்வில், ஒரு செயலி தன்னிச்சையாக எல்லா விசைகளையும் எடுத்துக்கொள்ள முடியாது. குறுக்குவழிகளை அது தடுக்கலாமா என்று உபுண்டுவின் திரை இடைமுகமான குனோம் நம்மிடம் அனுமதி கேட்கும், சூப்பர் விசையுடன் (விண்டோஸ் குறியுள்ள விசை) எஸ்கேப் அழுத்தினால் அவற்றை மீட்டுத் தரும். பாதுகாப்பு நோக்கில் நியாயமான ஏற்பாடு. அவசரத்தில் 'மறு' என்பதைச் சொடுக்கிவிட்டு, ஆல்ட்-டேப் ஏன் உள்ளே போகவில்லை என்று ரெம்மினாவைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். உபுண்டு 25.10-இல் குனோமின் எக்ஸ் அமர்வு எடுக்கப்பட்டுவிட்டது. நான் 24.04-இலேயே இருக்கிறேன், நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தைச் சொடுக்கி இன்றும் எக்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.