வண்டி வயர்லெஸ் இரைச்சல்: ஃபில்டரா, தனி வயரா, ஃபெரைட் வளையமா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இருவழிப் பேச்சுக்கான வயர்லெஸ் செட்டின் ஸ்பீக்கரில் ஒரு விசிலும் சேர்ந்து ஏறுகிறதா? காலை எடுத்தால் இறங்குகிறதா? வேலூர் கடையில் போய்ச் சொன்னால் முதலில் நீட்டுவது ஒரு நாய்ஸ் ஃபில்டர்தான், அதாவது மின்சார வயரின் நடுவில் மாட்டி இரைச்சலை வடிகட்டும் சுருள். கொஞ்சம் விவரம் தெரிந்த நண்பர் ஃபெரைட் வளையம், அதாவது வயரைச் சுற்றி உட்காரும் காந்தப் பீங்கான் வளையம், மாட்டச் சொல்வார். பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் கிடைத்தால், "பேட்டரியிலிருந்து தனியாக வயர் இழுத்துவிடுங்கள் சார்" என்பார். மூன்றுமே வேலை செய்யும். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுக்கு. பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்டால், நான் எலக்ட்ரீஷியன் கட்சி.

எதையும் வாங்கும் முன், இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆன்டெனா இணைப்பைக் கழற்றுங்கள். கழற்றிய நிலையில் மைக்கின் பேசும் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும். ஆன்டெனா இல்லாத எஃப்எம் செட்டில் வெறும் 'ஸ்ஸ்' சத்தம்தான் கேட்கும். ஆகவே பக்கத்தில் ஒருவரைக் கைச்செட்டில் (வாக்கிடாக்கி) பேசச் சொல்லுங்கள். அவர் குரலுக்கு அடியில் விசில் அப்படியே இருந்தால், அது மின்சார வயர் வழியாக வருகிறது. இரைச்சல் அடியோடு மறைந்தால் ஆன்டெனா வழியாக வந்தது. உங்களுக்கு ஒன்றும் கேட்காமல், எதிர்முனையில் இருப்பவர் மட்டும் "உங்கள் குரலோடு விசில் வருகிறது" என்றாலும் வயர் மீதுதான் சந்தேகம்.

அந்த விசிலைப் போடுவது டைனமோ, அதாவது ஆல்டர்நேட்டர். கார்களில் பரவலாக உள்ள 12 துருவ, மூன்று ஃபேஸ் டைனமோவில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளிலிருந்து ஒரு சுற்றுக்கு 36 துடிப்புகள் வெளிவருகின்றன. ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று, புல்லி விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், டைனமோ 2,000 சுற்று சுற்றும். வினாடிக்கு 1,200 துடிப்பு. காதுக்குக் கூர்மையாகக் கேட்கும் சத்தம் அது. ஃபெரைட் வளையம் வேலை செய்வதோ மெகாஹெர்ட்ஸ் கணக்கில். 1,200 ஹெர்ட்ஸ் விசிலுக்கு அதை மாட்டுவதும் மாட்டாமல் விடுவதும் ஒன்றுதான். ஆக, விசில் என்றால் போட்டி தனி வயருக்கும் ஃபில்டருக்கும் மட்டுமே.

செட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் கைக்கு எட்டிய வயரிலிருந்து எடுத்துவிடுவது நம்மூர் வழக்கம். அதே வயரில்தான் வைப்பரும் ஏசி ஊதியும் ஓடுகின்றன. 50 வாட் செட் பேசும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினால் 0.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. தடிமனான வயர் நேராக பேட்டரி முனைக்கு வந்தால், டைனமோவின் துடிப்பைப் பெருமளவு பேட்டரியே விழுங்கிவிடுகிறது. பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் கட்டாயம்.

நெகடிவ் பக்கத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பதால் பயனில்லை. போல்ட்டைக் கழற்றி, வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் பேட்டரியின் நெகடிவ் முனையிலேயே மின்சாரத்தை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும். அங்கே வயரை முனையில் மாட்டாமல், பேட்டரி எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் மாட்டுவதே சரி.

இவ்வளவுக்குப் பிறகும் விசில் மிச்சமிருந்தால் ஃபில்டர் வாங்கலாம். பெட்டிமேல் போட்டிருக்கும் ஆம்பியரைப் பாருங்கள். கார் ஸ்டீரியோவுக்கான சின்ன ஃபில்டரில் 10 ஆம்பியரை ஓட்டினால் சுருள் சூடாகும், வோல்ட்டேஜும் இறங்கும். எனக்கு ஃபில்டர் மீது இன்னொரு மனத்தாங்கலும் உண்டு: அது டைனமோவின் கோளாறை மூடி மறைத்துவிடும். ஒரு டயோடு போனாலும் டைனமோ ஏதோ சார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கும். விசில் மட்டும் கனத்துக் கரகரக்கும். ஹெட்லைட்டைப் போட்டு, மல்ட்டிமீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பிடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஃபில்டர் காசை டைனமோ பழுதுக்குக் கொடுங்கள்.

ஆன்டெனா வழியாக வரும் இரைச்சல் வேறு கதை. இங்கே ஃபெரைட்டுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு முன் சாக்கெட்டில் செருகியிருக்கும் செல்போன் சார்ஜர், டேஷ் கேமரா, பிற்பாடு மாட்டிய எல்இடி விளக்கு ஒவ்வொன்றையும் அணைத்துப் பாருங்கள். திருடன் அங்கேயே அகப்படுவது உண்டு. அகப்பட்டால், அந்தப் பொருளின் வயரில் வளையத்தை மாட்ட வேண்டும், செட்டின் வயரில் அல்ல. வயரை ஒருமுறை நுழைப்பதோடு விடாமல் மூன்று சுற்றாகச் சுற்றினால், தடுப்பு ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். வளையத்தின் கலவை எண் (ஃபெரைட்டின் ரகம்) 31 என்றால் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பலன் தரும். 145 மெகாஹெர்ட்ஸில் பேசும் செட்டுக்கு 43 போதும்.

பெட்ரோல் வண்டியில் இன்ஜின் வேகத்தோடு கூடும் 'டிக் டிக்' சத்தம் ஸ்பார்க் பிளக்கினுடையது. பிளக் எண்ணில் பெரும்பாலும் 'ஆர்' எழுத்தால் குறிக்கப்படும் ரெசிஸ்டர் பிளக்கைப் போட்டால் பாதி வேலை முடிந்தது. டீசலில் ஸ்பார்க்கே இல்லை. காட்பாடியில் தண்டவாளத்தின் மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கு அருகில் மட்டும் இரைந்தால், இன்ஜினை அணைத்துப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் உங்கள் வண்டி நிரபராதி.

ராணிப்பேட்டை பக்கம் ஓடும் பெரிய லாரிகளுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அவை 24 வோல்ட்; செட் 12 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுப்பது இரைச்சலற்ற, செலவற்ற வழி. ஆனால் இரண்டும் சமமாகச் சார்ஜ் ஆகாமல் பேட்டரி ஜோடியே கெட்டுவிடும். சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மிஞ்சிய வோல்ட்டேஜை வெப்பமாக்கித் தள்ளும் பழைய பாணி லீனியர் ரெடியூசர் சத்தமே போடாது. ஆனால் 28 வோல்ட்டை 13.8 ஆக்கி 10 ஆம்பியர் கொடுக்கும்போது 142 வாட் வெப்பமாகிறது. வேலூர் மே மாதத்தில், மூடிய கேபினுக்குள் அதை யார் தாங்குவது? மிஞ்சுவது, மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்விட்ச்சிங் கன்வெர்ட்டர்: குளிர்ச்சியானது, மலிவானது, ஆனால் தானே ஓர் இரைச்சல் பெட்டி. எனவே லாரிக்காரர் மட்டும் முதல் காசை ஃபெரைட்டில் போடலாம். கன்வெர்ட்டரை உலோகப் பெட்டியுள்ளதாகப் பார்த்து வாங்கி, ஆன்டெனா கேபிளுக்கு எதிர்ப்பக்கத்தில் திருகி, உள்ளே போகும் வயருக்கும் வெளியே வரும் வயருக்கும் தனித்தனி வளையம் போடச் சொல்லுங்கள்.