போர் தண்ணீர் வரும் வீட்டுக்கு எந்த டிஷ்வாஷர்?

டிஷ்வாஷர் வாங்கச் செல்பவரிடம் விற்பனையாளர் முதலில் எடுத்துச் சொல்வது, கருவியில் எத்தனை புரோகிராம்கள் உள்ளன, எத்தனை பேர் சாப்பிட்ட தட்டுகள் உள்ளே அடங்கும் என்பவற்றைத்தான். வீட்டுக்கு வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, வீடு எத்தனையாவது மாடியில் இருக்கிறது, மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றெல்லாம் அவர் கேட்பது அபூர்வம். போஷ், எல்ஜி, ஐஎஃப்பி ஆகியவற்றின் முழு அளவுக் கருவிகளுக்கும், வோல்டாஸ் பெக்கோ போன்ற நிறுவனங்கள் விற்கும், சமையல் மேடைமேல் வைக்கும் 8 செட் (எட்டுப் பேரின் தட்டுகள் கொள்ளும்) சிறு கருவிகளான மேடைக் கருவிகளுக்கும் இடையே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை, நம் ஊர் அடுக்குமாடி வீடுகளைப் பொறுத்தவரை, இந்தக் கேள்விகளே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. சிறுவாணித் தண்ணீர் தடையின்றி வரும் கோவைக்காரர்கள் மட்டும் அடுத்த சில பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

நீரில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மைக்குக் காரணம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றை மட்டுமே நம்பியிருக்கும் குடியிருப்புகளில் இந்த உச்ச வரம்பை எட்டும் நீர் அரிதல்ல. அத்தகைய நீரைச் சூடாக்கும்போது சுண்ணாம்பு பிரிந்து, ஹீட்டரிலும் தெளிப்புக் கரங்களின் துளைகளிலும் படிகிறது; எவர்சில்வர் டம்ளர்களில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் நிற்கிறது. ஆகவே, நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் மென்னீராக்கி சரியாக வேலை செய்யாத கருவியில் 70 டிகிரி புரோகிராமை அடிக்கடி ஓட்டுவது, அழுக்கை நீக்குவதோடு சுண்ணாம்புப் படிவையும் வேகமாக வளர்க்கும்.

இதற்காகவே முழு அளவுக் கருவிகளில் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்ற ரெசின் கொண்ட மென்னீராக்கி ஒன்று அடியில் பொருத்தப்பட்டிருக்கும். ரெசின் தன் திறனை இழக்கும்போதெல்லாம் உப்புக் கரைசலால் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், இதற்கென்று விற்கும் பரல் உப்பை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சமையல் உப்பைக் கொட்டினால், அதில் கட்டிபடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் ரெசினை அடைத்துவிடும். "3 இன் 1", "5 இன் 1" என்றெல்லாம் விற்கப்படும் சோப்பு மாத்திரைகள் உப்பின் தேவையை ஒழித்துவிடும் என்ற விளம்பரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஜெர்மன் அலகில் 21 பாகை வரைக்குமே, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 375 மில்லிகிராம் கடினத்தன்மை வரைக்குமே, இவை உப்பில்லாமல் தாக்குப்பிடிக்கும் என்று கையேடுகள் கூறுகின்றன. போஷின் பல மாடல்களில் மென்னீராக்கியை 50 பாகை வரை, அதாவது 890 மில்லிகிராம் வரை, கூட்டிவைக்க முடிகிறது. இந்த எண் மற்ற நிறுவனங்களிடையே மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், வாங்குமுன் கையேட்டைத் தரவிறக்கி, கடினத்தன்மைப் பட்டியலின் கடைசி வரி என்ன சொல்கிறது என்று பார்ப்பதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. எட்டு செட் மேடைக் கருவிகள் அனைத்திலும் மென்னீராக்கி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கடையில் கதவைத் திறந்து கீழ்த்தட்டை வெளியே இழுத்து, அடித்தளத்தில் உப்பு கொட்டுவதற்கான திருகுமூடி தென்படுகிறதா என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். குடிநீர் வடிகட்டி பொருத்த வருபவர் பேனாவைப் போன்ற கருவியை நீரில் நனைத்துச் சொல்லும் டிடிஎஸ் அளவு, கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுவதே தவிர, கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரின் டிடிஎஸ் உயர்ந்திருப்பதற்குக் குளோரைடு உப்புகள் பெரும் பங்களிக்கின்றன; அவற்றை எந்த டிஷ்வாஷரின் மென்னீராக்கியாலும் அகற்ற முடியாது; காலப்போக்கில் எவர்சில்வரிலும் அவை புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கலாம். கடினத்தன்மையை அறிய, மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டியே போதுமானது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பு என்றால், ஒவ்வொரு லாரியிலும் வருவது ஒவ்வொரு தரமாக இருக்கும் என்பதால், சோதித்தவற்றுள் மிக மோசமான நீருக்கேற்ப மென்னீராக்கியை அமைத்துவிடுவது நல்லது. அதன் விலையாக உப்பும், ரெசினைப் புதுப்பிக்கச் செலவாகும் நீரும் கூடும். ஒரு கழுவலுக்கு 10 லிட்டர் நீர் என்று விளம்பரத்தில் சொல்லும் கணக்கு அப்போது சற்று ஏறும்.

அடுத்தது நீரின் அழுத்தம். கையேடுகளில் குறைந்தபட்ச அழுத்தம் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் என்றிருக்கும். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைத் தருகிறது; எனவே மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் எந்தக் கருவியும் எளிதாக இயங்கும். அதே கட்டடத்தின் கடைசி மாடியில், குழாய்க்கு இரண்டு மீட்டர் மேலே மட்டுமே தொட்டி நிற்கும்போது, கிடைப்பது 0.2 பார்தான். நீர் நிரம்பும்வரை காத்திருந்து, குறித்த நேரத்துக்குள் நிரம்பாவிட்டால் பிழைக்குறி காட்டிக் கருவி நின்றுவிடும். கடைசி மாடிக்காரர் மூன்று நிறுவனங்களில் எதை வாங்கினாலும், பிரஷர் பம்ப்பின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும், 0.3 பாரில் இயங்கும் மாடலைத் தேடி அலைவதைவிட அது நிம்மதி. சம்ப்பிலிருந்து வரும் மணலும் துருவும் நுழைகுழாயின் சிறு வலையை அடைத்தாலும் இதே பிழைக்குறி தோன்றும் என்பதால், மெக்கானிக்கை அழைக்குமுன் அந்த வலையைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம்.

இனிப் பாத்திரங்களுக்கு வருவோம். "13 செட்", "14 செட்" என்ற கணக்கு ஐரோப்பிய உணவு மேசையிலிருந்து வந்தது. பெரிய தட்டு, சூப் தட்டு, சிறு தட்டு, கோப்பை, சாசர், கண்ணாடி டம்ளர், கரண்டிவகைகள் சேர்ந்தது ஒரு செட். குக்கரும் வாணலியும் இட்லிப் பானையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நான்கு பேர் உள்ள தமிழ் வீட்டில் காலை இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்ந்து விழும் பத்துப்பாத்திரங்களை அடுக்கிப் பார்த்தால், 13 செட் கருவி ஒரு நடைக்கு நிறைந்துவிடும். எட்டு செட் கருவியில் தட்டு, டம்ளர், டபரா, சிறு கிண்ணங்கள் போக, ஐந்து லிட்டர் குக்கருக்கு இடமிருக்காது. ஆகவே செட் கணக்கைவிட, மேல்தட்டை உயர்த்தித் தாழ்த்த முடிகிறதா, கீழ்த்தட்டின் கம்பிகளை மடக்க முடிகிறதா என்பவையே முக்கியம். வீட்டில் உள்ள மிகப் பெரிய வாணலியின் விட்டத்தை ஒரு நாடாவால் அளந்து எடுத்துச் செல்வது, விற்பனையாளரின் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

போஷ் இந்தியாவுக்கென்றே கடாய் புரோகிராம் ஒன்றை 70 டிகிரியில் வைத்திருக்கிறது. எண்ணெய்ப்பிசுக்கு ஏறிய வாணலிகளை அடிக்கடி போடும் வீட்டுக்கு அது உண்மையிலேயே உதவும். ஐஎஃப்பியின் நெப்டியூன் வரிசையிலும் 70 டிகிரிக் கழுவல் உண்டு என்பதால், சூட்டை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு இடமில்லை. எல்ஜியின் சிறப்பு, கீழே இரண்டுக்குப் பதிலாக நான்கு கைகளாகப் பிரிந்து சுழலும் தெளிப்பான். உயரமான டம்ளர்களும் குழிவான கிண்ணங்களும் நெருக்கமாக நிற்கும் தட்டில் இந்த ஏற்பாடு பயன்படுகிறது. அதே நிறுவனம் பெரிதாகப் பேசும் நீராவிக் கழுவல், கண்ணாடிப் பாத்திரங்களில் நீர்த்தடம் குறைவதற்கு உதவுமே ஒழிய, எவர்சில்வரே மிகுந்த சமையலறையில் அதற்காகக் கூடுதல் தொகை கொடுக்க எனக்கு மனம் வராது. கைப்பேசியிலிருந்து இயக்கும் வசதியையும் அவ்வாறே கருதுகிறேன். பாத்திரத்தை அடுக்கிக் கதவைச் சாத்துபவர் அங்கேயே பொத்தானையும் அழுத்திவிடலாம்.

எந்தக் கருவி வந்தாலும் கையால் துலக்க வேண்டியவை சில மீதமிருக்கும். அலுமினியக் குக்கர், காரத்தன்மை மிகுந்த சோப்பில் கறுத்துவிடும். இரும்பு தோசைக்கல்லும் வார்ப்பிரும்பு வாணலியும் துருப்பிடிக்கும். ஈயச்சொம்பு, கல்சட்டி, பித்தளை ஃபில்டர், மர மத்து, மிக்சி ஜாரின் பிளேடு பகுதி எதையும் உள்ளே வைக்கக் கூடாது. மஞ்சள் கறை பிளாஸ்டிக் டப்பாக்களில் அப்படியே தங்கும். மறுபுறம், காய்ந்த சோற்றுப் பருக்கையையும் தோசை மாவையும் சோப்பிலுள்ள என்சைம்கள் 50 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே கரைத்துவிடுவதால், தட்டுகளை முன்கூட்டியே குழாயடியில் அலசி நீரை வீணாக்க வேண்டியதில்லை. கறிவேப்பிலையையும் எலும்பையும் வழித்துப் போட்டால் போதும்.

உலர்த்தும் திறன்தான் இந்தக் கருவிகளை நம் சமையலறையில் உண்மையாகப் பிரித்துக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலான கருவிகள் கடைசி அலசலின் சூட்டைப் பாத்திரங்களிலேயே தேக்கி, அந்தச் சூட்டில் நீர் ஆவியாகி, குளிர்ந்த உட்சுவரில் படிந்து வடியும்படி செய்கின்றன. தடித்த பீங்கான் தட்டு சூட்டை நெடுநேரம் தாங்கிக் காய்ந்துவிடும். மெல்லிய எவர்சில்வர் டம்ளர் விரைவில் ஆறி ஈரத்தோடு நிற்கும். டபராவைக் கவிழ்த்து வைத்தால், அதன் மடிந்த விளிம்பின் வளைவில் ஒரு கோடு போல நீர் தேங்கி, எடுக்கும்போது கையில் வழிவதை டிஷ்வாஷர் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். சாய்த்து அடுக்குவதும், நீரை முத்தாக நிற்கவிடாமல் வழியச் செய்யும் ரின்ஸ் எய்டைத் தவறாமல் ஊற்றுவதும் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். மீதிக்கு இரண்டு வழிகள் உள்ளன. போஷிலும் அதன் உடன்பிறப்பான சீமென்ஸிலும் உயர்விலை மாடல்கள் சிலவற்றில், ஈரத்தை உறிஞ்சி வெப்பத்தை வெளியிடும் சியோலைட் என்ற கனிமம் அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. வேறு சில மாடல்களில், கழுவி முடிந்ததும் கதவு தானாகச் சற்றே திறந்து ஆவியை வெளியேற்றும். இரண்டாவது முறை மலிவானது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் அது மந்தமாகும் என்பதோடு, கிரானைட்டுக்கு அடியில் பிளைவுட் அடித்த மேடையாக இருந்தால் தினமும் ஆவி பட்டுப் பலகை உப்பிவிடவும் கூடும். கையில் கூடுதலாகப் பணமிருந்தால், நீராவி, வைஃபை ஆகியவற்றைவிட சியோலைட்டுக்குக் கொடுப்பதே என் தெரிவு.

மின்சாரக் கணக்கு அஞ்சும்படி இல்லை. எக்கோ புரோகிராமில் ஒரு நடைக்கு ஒரு யூனிட்டை ஒட்டியே செலவாகிறது; சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டுவதால்தான் அது மூன்று, நான்கு மணி நேரம் ஓடுகிறது. தினமும் ஒரு நடை என்றால் இரு மாதக் கணக்கில் சுமார் 60 யூனிட் சேரும். ஏற்கெனவே 450 யூனிட்டைத் தொடும் வீடுகள் மட்டும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைக் கடந்தால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கான கட்டணமும் மாறிவிடுகிறது. கருவிக்கென்று 16 ஆம்பியர் பவர் பிளக் தனியாகத் தேவை; எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக் கூடாது.

மேடைக் கருவியின் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். சமையல் மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடையே நம் வீடுகளில் விடப்படும் இடைவெளியும் அவ்வளவுதான் என்பதால், பலர் அதைச் சர்வீஸ் பால்கனியில் ஸ்டாண்ட் போட்டு வைக்கிறார்கள். வாடகை வீட்டில் இருக்கும் இருவருக்கு, அலுமினியம் இல்லாத சிறு சமையலுக்கு, அது நேர்த்தியான தீர்வு. முழு அளவுக் கருவியை மேடைக்கு அடியில் நுழைக்க விரும்புவோர், 85 சென்டிமீட்டர் உயரமுள்ள அக்கருவியின் மேல்மூடியைக் கழற்றினால் சில சென்டிமீட்டர் குறையுமா என்று மாடல்வாரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது, கடினத்தன்மை 400 மில்லிகிராமைத் தாண்டும் போர் தண்ணீரும், தினமும் எண்ணெய்ச் சமையலும் உள்ள நான்கைந்து பேர் வீட்டுக்கு, மென்னீராக்கியின் உயர் வரம்புக்காகவும் கடாய் புரோகிராமுக்காகவும் போஷையே முதலில் வைப்பேன். குடியிருப்புக்குப் பொதுவான மென்னீராக்கி ஏற்கெனவே இருந்தாலோ, மெட்ரோ தண்ணீரே முழுதும் வந்தாலோ அந்த முன்னுரிமை மறைந்துவிடும். அப்போது டம்ளரும் கிண்ணமுமாக நிறைய விழும் வீட்டுக்கு எல்ஜி பொருந்தும். பெருநகரத்துக்கு வெளியே வசிப்பவர் ஐஎஃப்பியைத் தீவிரமாகப் பரிசீலிக்கலாம். உப்பும் சோப்புப் பொடியும் ரின்ஸ் எய்டும் அதே நிறுவனம் தன் பெயரிலேயே விற்பதால், ஊரில் அதன் கடை இருக்குமானால் மாதாமாதம் தேடி அலைய வேண்டியிருக்காது. ஆனாலும் எந்த நிறுவனமானாலும், பணம் கட்டுமுன் அதன் சேவை எண்ணை அழைத்து உங்கள் பின்கோடைச் சொல்லி, டிஷ்வாஷர் பழுதுபார்ப்பவர் அங்கு வருவாரா என்று கேட்டுவிடுங்கள். துவைக்கும் இயந்திரத்துக்கு ஆள் இருப்பது இதற்கும் ஆள் இருப்பதற்கு உறுதியாகாது.

பொருத்த வரும் மெக்கானிக், குழாயை இணைத்து ஒரு நடை ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். அதற்குள் உப்பறையில் முதல்முறை நீர் ஊற்றி உப்பு நிரப்பவும், தொழிற்சாலையில் நடுத்தரமாக வைத்து அனுப்பிய கடினத்தன்மை அளவை நீங்கள் சோதித்த எண்ணுக்கு மாற்றவும் அவரிடம் சொல்லி, அதை எப்படி மாற்றினார் என்பதையும் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் லாரித் தண்ணீர் வரும்போது நீங்களே மாற்ற வேண்டியிருக்கும்.