மூஸ் வேட்டைக்கு .300 வின்செஸ்டர் மேக்னம்: பல பருவங்களின் அனுபவம்

மேக்னம் (வழக்கத்தைவிட அதிக மருந்து நிரப்பிய, வேகம் கூடிய தோட்டா) ரைஃபிள் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு பவர்?" என்றுதான். கனடாவில், வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆற்றுப் பகுதியில் மூஸ், எல்க் என்ற பெரிய மான்களின் வேட்டைக்கு .300 வின்செஸ்டர் மேக்னத்தைப் பல பருவங்களாகப் பயன்படுத்துகிறேன். பவரைவிட, சுடும்போது துப்பாக்கி தோளில் திருப்பி அடிக்கும் உதைப்பைப் பற்றித்தான் முதலில் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். (ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இங்கே துப்பாக்கி உரிமம், வேட்டைப் பயிற்சி, விலங்குக்கான அனுமதிச் சீட்டு எல்லாம் எடுத்துத்தான் காட்டுக்குள் போகிறோம்.)

சரி, கணக்கைப் பார்த்துவிடலாம். 1906-இல் வந்த .30-06 தோட்டா 180 கிரெயின் (கிட்டத்தட்ட 11.7 கிராம்) குண்டை, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகும் உலோகத்தை, விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் அனுப்பும். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் அதே குண்டை 2,960 அடிக்குப் பக்கத்தில் அனுப்பும். .30-06-க்குக் குழல்வாயில் இருக்கும் ஆற்றல், மேக்னத்துக்கு 100 கெஜம் தாண்டியும் மிச்சமிருக்கும். ஆனால் இரண்டையும் 200 கெஜத்தில் குறி சரியாகப் படும்படி சரிசெய்து வைத்தால், 300 கெஜத்தில் குண்டு இறங்குவதில் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு அங்குலம்தான். மூஸின் நுரையீரல் பகுதி இரண்டு அடி அகலத்தை ஒட்டி இருக்கும். அங்கே இரண்டு அங்குலம் பெரிய விஷயமில்லை.

இந்த வித்தியாசத்துக்குத் தோள் கொடுக்கும் விலை அதிகம். வழக்கமான எடையுள்ள ரைஃபிளில் .30-06-இன் உதைப்பு 20 அடி-பவுண்டு அளவு என்றால், .300 மேக்னம் 26-ஐத் தொடும். .338 வின்செஸ்டர் மேக்னம் 33 வரை போகும். முதல் மூன்று தோட்டாக்களில் ஒன்றும் தெரியாது. ஒரு பெட்டி முடியும்போது, டிரிகரை இழுப்பதற்கு முன்பே உடம்பு தானாகச் சுருங்க ஆரம்பிக்கும். கண் மூடும், கை இழுபடும், குண்டு கீழே போகும். அலாஸ்காவின் மீன், வேட்டைத் துறை வேட்டைக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இதுதான்: அனுபவமுள்ள வழிகாட்டிகள் பலரும், பளபளக்கும் புது மேக்னத்தோடு வருகிறவரைவிட, நன்றாகச் சுடத் தெரிந்த .270 அல்லது .30-06-ஓடு வருகிறவரையே விரும்புகிறார்கள். அதனால் நான் கோடை முழுக்க, உதைப்பே தெரியாத சின்ன .22-இல்தான் பயிற்சி செய்கிறேன். மேக்னத்தை ஒரு தடவைக்குச் சில தோட்டாக்களோடு நிறுத்திவிடுவேன். உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட்டுப் பழகுவேன், ஏனென்றால் காட்டில் மேசை கிடையாது.

குழல்முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளையுள்ள உறுப்பு) பொருத்தினால் உதைப்பு நன்றாகவே குறையும். ஆனால் வெடிச்சத்தம் பக்கவாட்டில் அடிக்கும், கூட நிற்கிறவர் காது போய்விடும். நான் பொருத்தவில்லை. நல்ல ரப்பர் மெத்தையும் கொஞ்சம் கனமான ரைஃபிளும் எனக்குப் போதும்.

இத்தனை வருடத்தில் நான் கண்ட பெரிய வித்தியாசம் தோட்டாவால் வந்ததில்லை, குண்டால் வந்தது. இதற்கு இந்த மாகாணத்திலேயே ஒரு பழைய கதை உண்டு. 1946-இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்கு வந்தார். கையில் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், அந்தக் காலத்தில் மிக வேகமான தோட்டாக்களில் ஒன்று. தோளில் சேறு காய்ந்து அப்பியிருந்த மூஸின் மேல் பட்ட குண்டு, ஆழமாகப் போகாமல் மேலேயே சிதறிவிட்டது. வேகம் கூடினால் மெல்லிய குண்டு சீக்கிரம் உடையும், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியவர், நடுவில் செம்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

மலிவான, மென்மையான குண்டை மேக்னத்தில் போட்டுக் கிட்டத்திலிருந்து சுட்டால் என்ன ஆகும் என்பதை நண்பர்கள் கொண்டுவந்த இறைச்சியில் பார்த்திருக்கிறேன். தோள்பட்டை முழுக்க ரத்தம் கட்டி, நல்ல இறைச்சியெல்லாம் வீணாகிவிடுகிறது. குளிர்காலம் முழுக்க வீட்டில் சாப்பிடும் இறைச்சி அது, எனக்கு மனசு கேட்காது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட. இப்போது நான் முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். ஈயத் துகள் பிள்ளைகள் தட்டுக்குப் போகக்கூடாது என்பது முதல் காரணம். செம்பு விரிய வேகம் வேண்டும் என்பதால், தூரத்தில் மேக்னத்தின் கூடுதல் வேகம் இங்கேதான் உண்மையில் கைகொடுக்கிறது. குழலில் செம்பு படியும், அடிக்கடி சுத்தம் செய்யவேண்டியிருக்கும். அந்த வேலைக்கு நான் அலுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேக்னம் பட்டால் மூஸ் உடனே சுருண்டு விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். நுரையீரலில் சரியாகப் பட்ட மூஸ்கூட ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும், நாலு அடி நடக்கும், அப்புறம்தான் சாயும். அதற்குள் சேற்று நிலத்திலோ தண்ணீரிலோ இறங்கிவிட்டால், 450 கிலோ விலங்கை வெளியே எடுப்பது இரவு முழுக்க வேலை. அது நின்றுகொண்டிருக்கும் வரை அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடுங்கள். காயப்பட்ட விலங்கைத் துடிக்க விடுவதைப்போலப் பாவம் வேறில்லை.

கிரிஸ்லி கரடி நடமாடும் பள்ளத்தாக்குகளுக்குப் போகும் நண்பர் ஒருவர் .338 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருக்கிறார். 250 கிரெயின் குண்டு, எலும்பைத் தாண்டியும் நேராகப் போகிறது. அவருக்கு அது சரி, அவர் அதிலேயே பழகியவர். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இங்கே மூஸுக்குத் தேவையே இல்லை. ஆப்பிரிக்காவில் கதை வேறு. காட்டெருமை, யானைக்கு .375-ஐக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கும் நாடுகள் உண்டு, நமீபியாவில் அதையே 5,400 ஜூல் என்று ஆற்றல் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

என் பகுதியில் மரம் வெட்டிய காட்டின் திறந்த வெளிகளிலும் வயல் ஓரங்களிலும் 250 கெஜத்துக்கு மேல் சுடவேண்டி வருவதால் நான் .300-ஐயே வைத்திருக்கிறேன். அடர்ந்த புதருக்குள் 80 கெஜத்தில் சுடுகிறவர் என்றால் .30-06 வாங்குங்கள், மிச்சப் பணத்தை ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும் போடுங்கள். மேக்னம்தான் என்று முடிவு செய்தால், 1999-இல் வந்த .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக்னம்போல அபூர்வமானதைத் தேடாதீர்கள். வேட்டைக்குப் போகும் வழியில் தோட்டா தீர்ந்தால், சின்ன ஊர்க் கடையின் அலமாரியில் .30-06-உம் .300 வின்செஸ்டரும்தான் இருக்கும்.