வேலை விசா போனால் வாடகை வீடு: சிங்கப்பூரா, துபாயா?

அண்ணன் சிங்கப்பூரில், அக்கா வீட்டு மச்சான் துபாயில், இருவருக்கும் ஒரே வருடம் வேலை போனது.

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை விசா ரத்தானால் தங்குவதற்குப் பொதுவாக 30 நாள்தான். ஆனால் அண்ணன் 2 வருட வாடகை ஒப்பந்தத்தில் 'டிப்ளமாட்டிக் கிளாஸ்' (diplomatic clause) என்கிற நிபந்தனையைக் கேட்டு வாங்கியிருந்தார்: வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால், 12 மாதம் முடிந்தபின் 2 மாத நோட்டீஸில் விலகலாம். முதல் வருடத்துக்குள் வேலை போயிருந்தால் அதுவும் உதவாது. இது சட்டம் தருகிற உரிமை இல்லை, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு.

துபாயில் விசா ரத்தானாலும் வாடகை ஒப்பந்தம் தானாக முடிவதில்லை. மச்சான் வாடகைக்குப் பின்தேதி போட்ட 4 செக்கை முன்கூட்டியே கொடுத்திருந்தார், இடையில் விலக ஒப்பந்தத்தில் வழியில்லை, உரிமையாளர் மனது வைக்க வேண்டும். தேவகோட்டையில் ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து, காலண்டரில் அந்த செக் தேதிகளை அக்கா வட்டமிட்டதைப் பார்த்தேன்.

எனக்கு அண்ணன் வழிதான் மேல். கையெழுத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியைக் கேளுங்கள், துபாய் என்றாலும் சரி.